பண்டிகை விடுமுறை முடிந்த பிறகு மனநல சிகிச்சைக்குத் திரும்பினால் போதாதா?

கேட்டவர் தம்மைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. முன்பு புறநோயாளியாக மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்று, நலமானதும் நிறுத்திவிட்டதாகவும், சில வாரங்களாகப் பழைய அறிகுறிகள் தலைகாட்டுவதாகவும், வீடு நிறைய விருந்தினர் வரவிருக்கும் நேரத்தில் மருத்துவமனைக்கு அலைவதைவிட எல்லாம் முடிந்த பிறகு போனால் போதாதா என்றும் மட்டுமே கேட்டிருக்கிறார். அந்தப் "போதாதா" என்ற சொல்லை நான் நன்றாக அறிவேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே கேள்வியை நானே என்னிடம் கேட்டு, போதும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: போதாது. இந்த வாரமே போங்கள். அது முடியாவிட்டால் இந்த வாரமே தொலைபேசியில் அழைத்து நாளையாவது குறித்துக்கொள்ளுங்கள்.

நான் மருத்துவன் அல்லன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்; இல்லையென்றால் யாராவது அதை எனக்கு நினைவூட்ட வருவார்கள். மனச்சோர்வு நோய்க்கு இருமுறை சிகிச்சை பெற்றவன் என்பதைத் தவிர இதில் எனக்கு வேறு தகுதி இல்லை.

முதல்முறை எஸ்சிட்டாலோபிராம் என்ற மாத்திரையைப் பதினான்கு மாதங்கள் எடுத்துக்கொண்டேன். நன்றாகத் தூங்கினேன், வேலையில் கவனம் திரும்பியது, பழைய நண்பர்களோடு பேச்சு வந்தது. இனி எதற்கு என்று ஒருநாள் நிறுத்திவிட்டேன். மருத்துவரிடம் சொல்லவில்லை, சொன்னால் வேண்டாம் என்பார் என்று தெரிந்திருந்ததால்தான் சொல்லவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். முதல் வாரத்தில் தலைசுற்றல் வந்தது. கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் சுரீரென்று மின்சாரம் பாய்வது போலிருந்தது. விடியும்வரை விசித்திரமான கனவுகள். அவையெல்லாம் உடம்பிலிருந்து நஞ்சு வெளியேறும் அடையாளம் என்று நான் நம்பினேன். இவ்வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் பலருக்கும் வரும் தொந்தரவுகள்தாம் அவை என்பதும், பராக்செடின், வென்லாஃபாக்சின் போன்று உடலை விட்டு விரைவாக நீங்கும் மருந்துகளில் அவை கடுமையாகவும், வாரக்கணக்கில் உடலில் தங்கும் ஃப்ளுவாக்செடினில் பெரும்பாலும் குறைவாகவும் இருக்கும் என்பதும், அதனால்தான் மருத்துவர்கள் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறார்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தன. மூன்று வாரத்தில் தொந்தரவுகள் அடங்கின. அதன்பின் ஐந்து மாதங்கள் உண்மையாகவே நன்றாக இருந்தேன். என்னை ஏமாற்றியவை அந்த ஐந்து மாதங்கள்தாம்.

பண்டிகைக்கு ஒரு மாதம் இருக்கும்போது விடியற்காலை நான்கு மணிக்கு விழிப்பு வரத் தொடங்கியது. தொலைபேசி அடித்தால் நெஞ்சு பதறியது. குளிப்பதைத் தள்ளிப்போட்டேன். முதல்முறை நோய் வந்தபோதும் இதே வரிசையில்தான் வந்தது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பார்க்க மறுத்தேன். பண்டிகைக் காலத்தின் பெரிய ஆபத்து என்று நான் நினைப்பது இதைத்தான்: ஒவ்வோர் அறிகுறிக்கும் ஓர் ஆயத்தமான சாக்கை அது கொடுத்துவிடுகிறது. தூக்கமில்லையா, வேலை அதிகம். எரிச்சலா, உறவினர்கள் வந்தால் யாருக்குத்தான் வராது. பசியில்லையா, நேற்று அதிகம் சாப்பிட்டிருப்போம். காரணமில்லாமல் கண்ணீர் வருகிறதா, இறந்துபோனவர்களின் நினைவு. ஒவ்வொன்றும் நம்பும்படியே இருக்கும். எல்லாம் ஒரே ஆளிடம் ஒரே மாதத்தில் சேர்ந்து வருவதை மட்டும் அந்தச் சாக்குகள் விளக்குவதில்லை.

விடுமுறை முடியட்டும் என்று முடிவு செய்த அந்த நான்கு வாரத்தில் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். இழுப்பறையில் பழைய மாத்திரை அட்டை ஒன்று மிச்சமிருந்தது. மனம் மிகவும் மோசமான நாளில் ஒன்று, கொஞ்சம் தேவலாம் என்றால் விட்டுவிடுவது என்று தலைவலி மாத்திரையைப்போல அதை எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்தால் பயன் இல்லை. அவை நாள்தோறும் எடுத்தால்தான் வேலை செய்யும். என் விஷயத்தில் வீண் போனதோடு சரி. ஆனால் எல்லா மருந்தும் அப்படியன்று. மிகையான உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறுக்கு லாமோட்ரிஜின் என்ற மருந்தை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அதைச் சில நாட்களுக்கு மேல் விட்டுவிட்டுப் பழைய அளவிலேயே தாமாகத் தொடங்கினால், உயிருக்கே ஆபத்தான தோல் பாதிப்பு வரக்கூடும். அதனால் மறுபடியும் மிகக் குறைந்த அளவிலிருந்து ஏற்ற வேண்டும். உங்கள் வீட்டு இழுப்பறையிலும் ஏதாவது மிச்சமிருக்கும் என்று ஊகித்துத்தான் இதை இவ்வளவு நீட்டுகிறேன்.

விருந்தினர் வந்த இரண்டாம் நாள், எதையோ எடுத்து வருகிறேன் என்று வெளியே போனவன், நிறுத்தியிருந்த காருக்குள் நாற்பது நிமிடங்கள் உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. உள்ளே திரும்பிப் போவதற்கான காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அக்கா வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, "நாளைக்குக் காலையில போவோம், நான் வண்டி ஓட்டுறேன்" என்றாள். எங்கே என்று நானும் கேட்கவில்லை.

புறநோயாளி பிரிவில் பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன. நான் எதிர்பார்த்ததற்கு மாறாக அன்று காத்திருந்த நேரம் குறைவு. ஆனால் பதிவுச் சாளரத்தில் இருந்தவர், ஆறு மாதங்களாக வராததால் என் கோப்பு மூடப்பட்டுவிட்டது, புதிய நோயாளியாகப் பதிய வேண்டும் என்றார். வராமல் போவதே இந்த நோயின் அடையாளங்களில் ஒன்றாக இருக்கும்போது, வராதவனின் கோப்பை மூடுவது என்ன நியாயம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கால் முறிந்தவனிடம், நடந்து வராததால் உன் பெயரை நீக்கிவிட்டோம் என்பது போல இருந்தது. என் கதையைப் பதிவாளரிடம் சுருக்கமாகவும், செவிலியரிடம் பாதியாகவும், மருத்துவரிடம் முழுமையாகவும் மூன்று முறை சொன்னேன். என்னைப் பார்த்துவந்த மருத்துவர் விடுப்பில் இருந்தார். பணியில் இருந்தவர் என்னைவிட வயதில் இளையவர்.

பார்ப்பதற்கு முன், மனச்சோர்வின் அளவை மதிப்பிடும் பி.எச்.கியூ-9 என்ற படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரங்களில் அந்தத் தொந்தரவு எத்தனை நாட்கள் இருந்தது என்பதற்கேற்ப ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. எனக்கு அந்தப் படிவம் பழக்கம் என்பதால் எவ்வளவு வந்தால் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும். கூட்டிப் பார்த்துப் பார்த்து 7 வரும்படி குறித்தேன். "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்று ஒரு மருத்துவர் வாயால் சொல்லிவிட்டால் விடுமுறையைக் கழித்துவிடலாம் என்பது என் கணக்கு. அந்த இளம் மருத்துவர் தாளைப் பார்த்தார், தரையையே பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார், பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு ஒன்பது கேள்விகளையும் வாய்விட்டுக் கேட்டார். எழுத்தில் பொய் சொன்னவனுக்கு வாயால் சொல்ல வரவில்லை. இம்முறை 17 வந்தது. 10 வந்தாலே கவனிக்க வேண்டும் என்பது அந்தப் படிவத்தின் வழக்கமான அளவுகோல்.

மாத்திரையின் பலன் ஓரளவு தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்களும், முழுமையாகத் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்களும் ஆகலாம் என்று அவர் விளக்கியபோது, நான் தள்ளிப்போட்ட வாரங்களை எண்ணிப் பார்த்தேன். சரியாக நான்கு. முதல் நாள் தோன்றியபோதே வந்திருந்தால் அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சமாவது வெளிச்சம் தெரிந்திருக்கும். இதை எண்ணி நான் இன்னும் வருந்துகிறேன். உங்களுக்குச் சொல்வதற்காகவே இந்தக் கணக்கை எழுத உட்கார்ந்தேன் என்றும் சொல்லலாம்.

அன்று மாத்திரையைவிட உதவியது ஒரு வெள்ளைத் தாள். மோசமாகும்போது எனக்கு முதலில் தெரியும் அறிகுறிகள் என்ன, அப்போது தனியாக என்ன செய்வேன், யாரிடம் பேசுவேன், பிரிவு மூடியிருக்கும் நாட்களில் எங்கே போவேன், ஆபத்தான பொருட்களை எப்படி எட்டாமல் வைப்பேன் என்று என் சொற்களிலேயே எழுத வைத்தார். பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கி 2012 இல் வெளியிட்ட பாதுகாப்புத் திட்டத்தின் வடிவம் அது என்று பிறகு அறிந்தேன். எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழுவது, கூட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டியதில்லை என்று முன்பே வீட்டில் சொல்லிவைப்பது, மது கூடாது என்பவையும் அதில் சேர்ந்தன. மூடியிருக்கும் நாட்களையும் கணக்கிட்டு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் அடுத்த சந்திப்பையும் குறித்த பிறகே அனுப்பினார்கள்.

இங்கே எனக்கு ஒரு குறை உண்டு. பண்டிகைக் காலத்தில்தான் தற்கொலைகள் மிகுகின்றன என்று ஆண்டுதோறும் யாராவது ஒரு கட்டுரையை அனுப்பிவைக்கிறார்கள். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் வரும் டிசம்பர் மாதத்தில் அந்த எண்ணிக்கை பொதுவாகக் குறைவாகவே இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அன்னென்பெர்க் பொதுக் கொள்கை மையம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் தவறான செய்தியைச் சுட்டிக்காட்டி வருகிறது. என் கோபம் புள்ளிவிவரம் தவறு என்பதற்காக மட்டுமன்று. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, நான் அந்த அளவுக்கு இல்லையே, அப்படியானால் எனக்குச் சிகிச்சை அவசரமில்லை என்று தேற்றிக்கொண்டவன் நான். திரும்பிப் போவதற்கு அந்த அளவுக்கு ஆக வேண்டியதில்லை.

மருந்து நிறுவனங்களுக்காக வாதாடுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருள் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்ற 2022 ஆம் ஆண்டு மீளாய்வை நானும் படித்தேன். நோய் எதனால் வருகிறது என்பது வேறு, மாத்திரை உதவுகிறதா என்பது வேறு. நீண்டகாலம் மாத்திரை எடுத்து நலமாக இருந்த 478 பேரிடம் பிரிட்டனில் நடத்தி 2021 இல் வெளியான ஆய்வில், தொடர்ந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கும், படிப்படியாக நிறுத்தியவர்களில் 56 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. அதாவது நிறுத்தியவர்களில் பலர் நலமாகவே இருந்தார்கள். நீங்கள் நிறுத்தியது பைத்தியக்காரத்தனமன்று. தொடர்ந்தவர்களிலும் பலருக்குத் திரும்பியது. ஆகவே இது உங்கள் ஒழுக்கக் குறைவுமன்று. நீரிழிவோடு ஒப்பிட்டு ஆறுதல் சொல்லும் வழக்கத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதால் அதை இங்கே தவிர்க்கிறேன்.

அழைக்கும்போது முன்பு அங்கே சிகிச்சை பெற்றதையும், எப்போது நிறுத்தினீர்கள் என்பதையும், என்ன அறிகுறி எத்தனை வாரமாக இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறதென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அந்த எண்ணம் வலுத்தால் குறித்த நாளுக்குக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அது விடுமுறையிலும் திறந்திருக்கும். பழைய மருந்துச் சீட்டு எங்காவது இருந்தால் தேடி எடுத்துச் செல்லுங்கள். என்னிடம் அது இல்லாததால், நான் எத்தனை மில்லிகிராம் எடுத்துக்கொண்டிருந்தேன் என்பதைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அக்காவின் தொலைபேசியில் இருந்த ஒரு பழைய படத்தில்தான் அது கிடைத்தது.