கயிறு விறைத்ததும் நெஞ்சு படபடக்கிறது

அன்புள்ள ஆலோசகருக்கு,

வணக்கம். என் வயது 29. கல்லூரியில் தொடங்கிய நட்பு எங்களுடையது, ஆறு பேர். கோடை வந்துவிட்டால் எங்கள் சனிக்கிழமைகள் ஏரியில்தான் கழியும். காலையில் வாட்டர் ஸ்கீயிங்: ஸ்கீ எனும் நீளப் பலகைகளைக் காலில் மாட்டி, கயிற்றின் கைப்பிடியைப் பிடித்தபடி, படகு இழுக்க நீர்மேல் வழுக்கிச் செல்வது. படகு எங்களில் ஒருவனுடையது. மாலையில் கரையோர மேடையில் லைவ் மியூசிக். அது முடிந்த பிறகும் யாருக்கும் கிளம்ப மனம் வராது, உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்போம். வருடம் முழுக்க வேலை வேலை என்று ஓடும் எனக்கு அந்தச் சில வாரங்கள் மிகவும் முக்கியம்.

சென்ற கோடையில்தான் முதன்முதலாக ஸ்கீ மாட்டினேன். படகு கிளம்பியதும் எழுந்து நிற்கப் பார்த்தேன். குப்புற விழுந்தேன். கைப்பிடியை விட்டிருக்க வேண்டும், விடத் தோன்றவில்லை. தண்ணீருக்குள்ளேயே கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போனது. "விடு, விடு" என்று அவர்கள் கத்தியது கேட்டது, ஆனால் விரல்கள் பிரியவில்லை. மேலே வந்தபோது இடது காதில் சுருக்கென்று வலி. சில நாளில் வலி போய்விட்டது, பயம் போகவில்லை. இந்தக் கோடையில் மறுபடி இறங்கினேன். கயிறு நீண்டு விறைத்ததுமே நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, வேண்டாம் என்று கையசைத்துவிட்டேன்.

அதிலிருந்து காலையில் போவதில்லை. மாலையில் போனால் பேச்சு முழுக்கக் காலை ஸ்கீயிங்கைப் பற்றித்தான். நான் விழுந்த வீடியோவை யாராவது எடுத்துப் போடுவார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். கடைசியாகப் போனபோது, ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றிருந்தேன். பேஸ் எனும் தாழ்ந்த ஒலி அடிக்க அடிக்க நெஞ்சு அதிர்ந்து, அதே படபடப்பு வந்து, பாதியில் வெளியேறினேன். அடுத்த நாள் காலை வரை காதில் ஙொய்யென்ற சத்தம். இப்போது மாலையும் போவதில்லை.

படகுக்காரன், "தண்ணியில தள்ளிவிட்டா தன்னால பயம் போயிடும்" என்கிறான். இன்னொருத்தி, "வர இஷ்டமில்லைன்னா விடு" என்கிறாள். நான் கோழையா? ஸ்கீயிங்கை விட்டுவிட்டால் இவர்களையும் இழந்துவிடுவேனா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கோழை இல்லை. உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன: தண்ணீரில் நடந்தது, நண்பர்கள் பார்வை, ஸ்பீக்கரின் அதிர்வு. மூன்றுக்கும் வழி வேறு வேறு. ஒன்றாகப் பார்ப்பதால்தான் மலைப்பாக இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் காது. வேகமாகத் தண்ணீரில் விழும்போது காது பக்கம் அறைந்தால் செவிப்பறை கிழிய வாய்ப்புண்டு. பெரும்பாலும் சில வாரங்களில் அது தானாக ஆறிவிடும். ஆனால் ஆறிவிட்டதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை தண்ணீரில் இறங்க வேண்டாம்.

இனி அந்த விழுகை. உங்கள் துணிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது முழுக்க இயக்கவியல். ஆழ்நீரிலிருந்து எழும் முறையில், முழங்கால்களை மார்போடு சேர்த்து உருண்டையாக உட்கார வேண்டும். ஸ்கீ முனைகள் நீருக்கு மேலே தெரிய, கயிறு இரண்டு ஸ்கீகளுக்கும் நடுவே வர, கைகள் நேராக நீண்டிருக்க வேண்டும். படகு இழுக்கும்போது நீங்கள் எதுவுமே செய்யக் கூடாது. ஸ்கீகள் நீர்ப்பரப்பின் மேல் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் மெல்ல, நாற்காலியிலிருந்து எழுவது மாதிரி, முழங்கால் சற்று மடங்கியபடியே எழ வேண்டும். அவசரப்பட்டு எழுந்தால் எடை முன்னால் சாய்ந்து முகம் குப்புற விழும். கையை மடக்கி இழுத்தால் கயிறு தளர்ந்து பின்னால் விழுவோம். முதல்நாள் கற்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இந்த இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்.

இதில் உங்கள் பயம் சொல்வது பாதி உண்மையும்கூட. முழங்காலை நீட்டி, இடுப்பை மடக்கிய நிலையில் படகு இழுத்தால், தொடையின் பின்தசை உட்காரும் எலும்போடு சேரும் இடத்தில் கிழியக்கூடும். புதிதாகக் கற்பவர்களுக்கு நேரும், மருத்துவர்கள் நன்கறிந்த காயம் அது. ஆகவே "தள்ளிவிட்டால் சரியாகும்" என்பவருக்கு நீங்கள் தயங்காமல் மறுப்புச் சொல்லலாம். சம்மதமில்லாமல், எப்போது என்று தெரியாமல் தள்ளிவிடப்படும் உடம்பு ஒன்றைத்தான் கற்றுக்கொள்ளும்: இந்த ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போது எச்சரிக்கையாக இரு.

பயம் ஏன் ஒரு வருடமாகியும் குறையவில்லை? கையசைத்துத் திரும்பிய அந்தக் கணத்தில் உங்களுக்குப் பெரிய நிம்மதி கிடைத்திருக்கும். "விலகினேன், தப்பித்தேன்" என்று மூளை கணக்கு எழுதிக்கொண்டது. ஒவ்வொரு சனிக்கிழமை விலகும்போதும் அந்தக் கணக்கு உறுதியாகிறது. அதை மாற்ற, பயந்தது நடக்கவில்லை என்று உடம்பு தானே அனுபவித்துப் பார்க்க வேண்டும். படிப்படியாக, உங்கள் கட்டுப்பாட்டில். 1950-களில் மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் வகுத்த படிநிலை முறையின் அடிப்படை இதுதான். இன்று அதைச் செய்யும் விதம் கொஞ்சம் மாறியிருக்கிறது. பயம் பூஜ்யமாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு படிக்கும் முன்னால் "என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்" என்று ஒரு வரி எழுதுங்கள், பத்துக்கு எத்தனை பயம் என்றும் போடுங்கள். முடிந்ததும் உண்மையில் நடந்ததைக் கீழே எழுதுங்கள். இரண்டு வரிக்கும் உள்ள வித்தியாசம்தான் மருந்து.

உங்கள் கடிதத்தைப் படித்தால், நீங்கள் பயப்படுவது விழுவதற்கு இல்லை, கைப்பிடியை விட முடியாமல் போவதற்கு. அதனால் உங்கள் பயிற்சியின் மையம் 'விடுவது'தான், எழுந்து நிற்பது இல்லை. முதலில் தரையிலேயே செய்யுங்கள். உருண்டையாக உட்காருங்கள், நண்பர் ஒருவர் கயிற்றை இழுக்கட்டும், நீங்கள் "விடு" என்று வாய்விட்டுச் சொல்லி விரல்களை விரியுங்கள். பத்துப் பதினைந்து முறை. அடுத்தது, கரையோரத்தில் லைஃப் ஜாக்கெட்டோடு, ஸ்கீ இல்லாமல், மல்லாந்து மிதப்பது. ஜாக்கெட்டின் தோள்பட்டையை ஒருவர் மேலே தூக்கிப் பார்க்கட்டும். அது மோவாய் தாண்டி ஏறினால் அளவு பெரிது, தண்ணீரில் அது முகத்தை மறைத்துப் பயத்தைக் கிளப்பும். மூன்றாவது படி, படகு எஞ்சின் மிகக் குறைந்த வேகத்தில், நடக்கும் வேகத்தில், உங்களை இழுக்கும்போது வேண்டுமென்றே கைப்பிடியை விடுவது. இந்தப் படியை அவசரமாகக் கடக்காதீர்கள். விட்டதும் ஜாக்கெட் தூக்கிப் பிடிக்கிறது, கயிறு போய்விடுகிறது, தண்ணீர் அமைதியாகிறது: இதை உங்கள் உடம்பு அலுத்துப்போகும் வரை பார்க்க வேண்டும். பிறகு ஸ்கீ மாட்டி, உருண்டை நிலையிலேயே இருந்து, அதே மெதுவேகத்தில் விடுவது. அதன் பின்தான் எழுவது.

எழும் கட்டத்துக்கு வரும்போது, படகின் பக்கவாட்டில் பொருத்தும் பயிற்சிக் கம்பி கிடைத்தால் அதைப் பிடித்துக் கற்பது நல்லது. படகோட்டி பேசுவது காதில் விழும் தூரத்தில் இருப்பீர்கள். வழக்கமான கயிறு கைப்பிடியோடு சேர்த்து சுமார் 23 மீட்டர். அந்தத் தூரத்தில் கத்தினால்தான் கேட்கும், சாதாரணப் பேச்சு கேட்காது. வேகத்தைப் படகோட்டியிடம் எண்ணாகவே சொல்லுங்கள்: இரண்டு ஸ்கீயில், 45 முதல் 68 கிலோ எடை உள்ளவருக்கு மணிக்கு 30 கிலோமீட்டர் அளவு, 80 கிலோ வரை 35. கயிறு விறைக்கும் வரை மெதுவாகப் போய், நீங்கள் தயார் என்று சொன்ன பிறகுதான் சீராக வேகம் கூட்ட வேண்டும், வெடுக்கென்று இல்லை. சைகைகளைக் கரையிலேயே பேசிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் கீழே என்றால் மெதுவாக. கழுத்தின் குறுக்கே கை என்றால் நிறுத்து. தலையைத் தட்டினால் கரைக்குத் திரும்பு. விழுந்த பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கோத்தால் நலம். கயிற்றைக் கையிலோ மணிக்கட்டிலோ ஒருபோதும் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம், பலர் தவறவிடுவது. நீர் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால், இறங்கியதும் மூச்சு தன்னால் இழுத்து வாங்கும், இதயம் வேகமாகும். குளிருக்கு உடம்பு காட்டும் எதிர்வினை அது, ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். ஏற்கெனவே பயந்திருப்பவருக்கு அது பீதி மாதிரியே தோன்றும். முகத்தையும் பிடரியையும் முதலில் நனைத்துக்கொண்டு இறங்குங்கள். மூச்சு அடங்கும் வரை கைப்பிடியைத் தொடாதீர்கள்.

இசைக்கு வருகிறேன். மேடைக்கு முன்னால் தரையில் வைக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கர்கள் தாழ்ந்த ஒலியை அடிக்கும்போது மார்புக்கூடே அதிரும். உங்கள் மூளை கயிறு விறைத்த கணத்தையும் நெஞ்சுத் துடிப்பையும் சேர்த்து வைத்திருக்கிறது. வெளியிலிருந்து வந்த அதிர்வையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டது. உங்களுக்கு இசை பிடிக்காமல் போகவில்லை. வீட்டில் ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடுங்கள். நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதே பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டு, உட்கார்ந்து, படபடப்பு தானாக இறங்குவதைக் கவனியுங்கள். வாரத்தில் நான்கைந்து நாள் செய்யலாம். இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இருந்தால் மருத்துவரைக் கேட்டபின் செய்யுங்கள்.

நிகழ்ச்சியில் நிற்கும் இடத்தையும் மாற்றுங்கள். ஒலிக்கலவை மேஜைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஒலிப் பொறியாளர் தன் காதுக்கு ஏற்றபடி சமன் செய்யும் இடம் அது, பாட்டும் அங்கேதான் தெளிவாகக் கேட்கும். மறுநாள் வரை இரைந்தது என்றால் காது அடி வாங்கியிருக்கிறது. அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் அளவுகோலில் 85 டெசிபல் 8 மணி நேரம் தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் வகை இயர் பிளக் ஒலியை எல்லாச் சுருதியிலும் சமமாகக் குறைக்கும், பாட்டு மங்காது. ஸ்பான்ஜ் வகை என்றால், மெல்லிசாக உருட்டி, மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே வைத்து 30 நொடி பிடித்திருங்கள். பாதி நுழைந்த பிளக்கால் பயன் மிகக் குறைவு. இரைச்சல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

நண்பர்கள் விஷயம்தான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று நினைக்கிறேன். உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் சக ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டை அணிந்து அறைக்குள் போன மாணவர்கள், ஏறக்குறையப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர். உங்கள் விழுகையும் அவர்கள் மனதில் நீங்கள் நினைக்கும் அளவு இடம் பிடித்திருக்காது. ஆனாலும் வீடியோ வலிக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். எல்லோர் முன்னாலும் சொல்லாமல், அதை எடுத்துப் போடுகிறவரிடம் தனியாக: "அந்த வீடியோவைப் பார்க்கும்போது எனக்கு மூச்சு முட்டின ஞாபகம்தான் வருது. இனிமே போடாதே, அழிச்சிடு." அவ்வளவு போதும், விளக்கம் வேண்டாம். "விடு" என்று சொன்ன தோழி உங்களை ஒதுக்குகிறாளா, அவஸ்தையிலிருந்து விடுவிக்கிறாளா என்பது கேட்டால்தான் தெரியும். கேளுங்கள்.

காலையில் படகில் உங்களுக்கு ஒரு வேலையும் இருக்கிறது. பல நாடுகளில் படகோட்டி தவிர, ஸ்கீ செய்பவரையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கவனிப்பாளர் கட்டாயம். பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, கண் எடுக்காமல் பார்த்து, சைகைகளைப் படகோட்டிக்குச் சொல்லி, விழுந்தால் உடனே குரல் கொடுக்க வேண்டும். விழுந்தவரைப் படகில் ஏற்றும்போது எஞ்சின் அணைந்திருக்கிறதா என்று பார்ப்பவரும் அவரே. பொறுப்பான வேலை இது. விழுந்தவர்கள் எழுந்து சிரிப்பதை அங்கிருந்து பல முறை பார்ப்பதும் உங்கள் பயத்துக்கு நல்லது. எந்தப் படியிலும் நீங்கள் நின்றுவிடலாம். 'விடும்' பயிற்சி வரை வந்து, "எனக்கு இது போதும், நான் கவனிப்பாளர்" என்று முடிவெடுத்தால் அது விருப்பம். பயத்தால் எடுத்த முடிவு அன்று.

நான்கைந்து வாரம் முயன்றும் படிகளில் ஏற முடியவில்லை என்றாலோ, குளிக்கும்போதும் தூக்கத்திலும்கூட அந்தக் காட்சி வந்து எழுப்புகிறது என்றாலோ, மருத்துவ உளவியலாளர் ஒருவரைச் சந்தியுங்கள். குறிப்பிட்ட ஒன்றின் மீதான பயத்துக்கு, மூன்று மணி நேரம் வரை நீளும் ஒரே அமர்வில் செய்யும் சிகிச்சையை உளவியலாளர் லார்ஸ் கோரன் ஓஸ்ட் 1989-இல் விவரித்தார். எல்லோருக்கும் வருடக்கணக்கில் ஆவதில்லை. முதல் சந்திப்பிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: "பயத்தைப் பற்றிப் பேசுவதோடு நிற்போமா, படிப்படியாகச் செய்தும் பார்ப்போமா?" செய்து பார்ப்போம் என்பவரைத் தேர்ந்தெடுங்கள்.