எடையும் ஸ்டெம்செல் மாற்றமும்: பெற்றோர் கேள்விகளுக்கு நர்ஸ் அக்கா பதில்

காவேரிப்பட்டணம் அப்பா: பையனுக்குத் தலசீமியா, 24 கிலோ. தங்கச்சி முழுசாப் பொருந்துறா. அவ 12 கிலோ, இன்னும் வளரட்டும்னு டாக்டர் சொல்றாரு. ஏங்க்கா?

தம்பி, தலசீமியா பிள்ளைக்கு நல்ல ரத்தம் சரியாக ஊறாது. அதனால்தான் பொருந்துகிறவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம்செல்லை எடுத்துக் கொடுக்கிறோம். மஜ்ஜை கொடுக்கும் பிள்ளையிடம் அதன் எடையில் கிலோவுக்கு 20 மில்லிக்கு மேல் எடுக்க மாட்டார்கள். பாப்பாவிடம் அதிகபட்சம் 240 மில்லி. ஆனால் கிடைக்கிற செல்லைப் பையன் எடைக்குத்தான் வகுப்பார்கள். கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 செல் (ஸ்டெம்செல்லை எண்ணும் அடையாளம்) என்றால் அவனுக்கு 4 கோடியே 80 லட்சம். பாப்பாவின் 240 மில்லியில் அவ்வளவு கிடைக்காமல் போகலாம். டாக்டர் ரெண்டு பிள்ளைகளையும் பார்த்துத்தான் சொல்கிறார். காத்திருக்கும்போது ரத்தம் ஏற்றுவதும், அதனால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றும் மாத்திரையும் தவறவே கூடாது. கல்லீரல் கெட்டால் மாற்றத்தின் ஆபத்து கூடிவிடும்.

ஊத்தங்கரை அம்மா: எடை ஏற என்ன டானிக் தரலாம்?

முட்டை, பருப்பு, கடலை கொடுங்கள். இரும்பு டானிக் தலசீமியா பிள்ளைக்கு வேண்டாம்.

அரூர் அப்பா: பேரீச்சம்பழ சிரப்?

அதுவும் வேண்டாம்.

ஓசூர் அம்மா: வார்டில் தினமும் எடை பார்க்கிறார்களே, ஒரே நாளில் ஏறினால் நல்லதுதானே?

இல்லை. அது சதை இல்லை, நீர். மாற்றத்துக்கு முன் பழைய மஜ்ஜையை அழிக்கத் தரும் கீமோ மருந்துக்குப் பின் கல்லீரலின் சின்ன ரத்தக்குழாய்கள் அடைபட்டால் எடை ஏறும், வலது விலாவுக்குக் கீழ் வலிக்கும், கண் மஞ்சளாகும். 20 கிலோ பிள்ளைக்கு ஒரு கிலோ கூடினாலே உடனே சொல்லுங்கள். அதே தராசு, அதே நேரம், அதே கனமுள்ள உடை.

பாலக்கோடு பாட்டி: ஏங்கண்ணு, பொட்டப்புள்ள இடுப்புல எடுத்தா நாளைக்குக் குழந்தை நிக்காதாமே?

ஊத்தங்கரை அம்மா: எங்க மாமியாரும் அதையே சொல்லித் தடுக்கிறாங்க!

காவேரிப்பட்டணம் அப்பா: எங்க வீட்டிலும் இதே சண்டை.

பாட்டி, ஊசி போவது பின்னிடுப்பு எலும்பில், மயக்க மருந்து கொடுத்து. கர்ப்பப்பைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் ஊறிவிடும். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், அவ்வளவுதான். கருவுறும் திறனைப் பாதிக்கக்கூடியது, நோயுள்ள பிள்ளைக்குத் தரும் புசல்ஃபான் போன்ற கீமோ மருந்து. அதை டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கொடுக்கும் பெண்ணைத் தடுக்காதீர்கள், அவளிடமும் புரியும்படி பேசுங்கள்.

பென்னாகரம் அப்பா: ரத்தம் ஊறும் டானிக்...

மேலே இரும்பு டானிக் பற்றிச் சொன்னதைப் படியுங்கள். தங்கச்சிக்கு மஜ்ஜை எடுத்தபின் டாக்டர் இரும்பு மருந்து எழுதினால், அந்த பாட்டிலைத் தனியாக வையுங்கள். அண்ணன் வாயில் போய்விடக் கூடாது.

தேன்கனிக்கோட்டை அம்மா: 9 கிலோ குழந்தை கீமோ தாங்குமா?

ஃபைல் பார்க்காமல் சொல்ல மாட்டேன். மாற்று சிகிச்சை டாக்டரிடமே கேளுங்கள்.