‘தெய்வத்திரு’ விழுந்த திருமண அழைப்பிதழ்: பாக்கித் தொகையைக் கேட்க முடியுமா?

கேள்வி: மதுரையில் வீட்டிலிருந்தபடியே திருமண அழைப்பிதழ்களை வடிவமைத்து, சிவகாசியில் அச்சடித்துக் கொடுத்து வருகிறேன். ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்கு 600 அழைப்பிதழ்கள். வடிவமைப்புக்கு ₹12,000, அச்சுக்கு ₹30,000 என்று பேசி, ₹15,000 முன்பணம் வாங்கினேன். மேட்டரைத் தாளில் எழுதி, படமெடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பினார்கள். மூன்று முறை புரூஃப் அனுப்பினேன். “பார்த்துவிட்டோம், அச்சுக்குக் கொடுக்கலாம்” என்று மாப்பிள்ளையின் தந்தை பதில் எழுதினார். பத்திரிகை கைக்கு வந்த பிறகுதான், உயிரோடு இருக்கும் தாய்வழித் தாத்தாவின் பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ இருப்பது தெரிந்தது. பதறிப்போய், “என் தவறுதான், மன்னித்துவிடுங்கள்” என்று செய்தி அனுப்பினேன். உள்தாளை மட்டும் என் செலவில் மாற்றித் தருவதாகவும் சொன்னேன். மறுத்துவிட்டார்கள். பாக்கி ₹27,000 தர மாட்டோம், முன்பணத்தையும் திருப்பித் தா, இல்லையென்றால் நுகர்வோர் வழக்கு என்கிறார்கள். அச்சகத்துக்கு ₹24,000 கையிலிருந்து கொடுத்துவிட்டேன். இதற்கிடையில், என் புரூஃபையே வேறோர் அச்சகத்தில் கொடுத்து, அந்த ஒரு சொல்லை நீக்கி, என் வடிவமைப்பிலேயே அச்சடித்து ஊருக்கெல்லாம் வைத்திருக்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் இணைத்திருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் வழக்கின் உயிர் அந்தக் கையெழுத்துத் தாளில்தான் இருக்கிறது. ‘தெய்வத்திரு’ என்று இடப்பக்கம் ஒருமுறை எழுதி, அதற்கு எதிரே இரண்டு தாத்தாக்களின் பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல் முதல் பெயருக்கு மட்டுமா, இரண்டுக்குமா என்று படிக்கிற யாருக்கும் ஐயம் வரும். நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்பது உண்மை. அவர்கள் தெளிவாக எழுதியிருக்க வேண்டும் என்பதும் உண்மை.

அடுத்தது புரூஃப். முதல் புரூஃபிலேயே அந்தப் பிழை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அவர்கள் திருத்தச் சொன்னவை: மணமகளின் பட்டப்படிப்பு, ஒரு மாமாவின் பெயரின் தலைப்பெழுத்து (இனிஷியல்), முகூர்த்த நேரம். தாத்தாவின் பெயருக்கு நேர் கீழ் வரியில் இருக்கும் தலைப்பெழுத்தைத் திருத்தியவர்கள் மேல் வரியைப் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டாவது, மூன்றாவது புரூஃபிலும் அதே வரி அப்படியே இருக்க, அச்சுக்கு ஒப்புதல் தந்திருக்கிறார்கள். புரூஃபில் இல்லாத பிழை அச்சில் நுழைந்திருந்தால் முழுப் பொறுப்பும் உங்களுடையது. இங்கே நடந்தது அதுவல்ல.

ஆனால் ஒப்புதல் வாங்கிவிட்டதாலேயே உங்கள் பொறுப்பு முழுவதும் கழிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பணம் வாங்கிச் செய்யும் தொழிலில் நியாயமான கவனம் எதிர்பார்க்கப்படும். உயிரோடு இருக்கும் பெரியவரைக் காலமானவராக அச்சிட்டது அந்தக் குடும்பத்துக்கு எத்தனை வேதனை என்பதை நுகர்வோர் ஆணையமோ நீதிமன்றமோ லேசாக எடுத்துக்கொள்ளாது. நானும் எடுத்துக்கொள்ளவில்லை. பொறுப்பு இருபக்கமும் பகிரப்படும் என்பதே என் கணிப்பு.

நீங்கள் அனுப்பிய மன்னிப்புச் செய்தி உங்களுக்கு எதிரான சாட்சியமாக வரும். ஆனால் தவறை ஒப்புக்கொண்டது மட்டுமே முடிவான நிரூபணம் ஆகாது. அதை எந்தச் சூழ்நிலையில் எழுதினீர்கள் என்று விளக்க உங்களுக்கு உரிமை உண்டு. மேலும், உள்தாளை மாற்றித் தருவதாகச் சொன்னதும் அதே உரையாடலில் இருக்கிறது. இழப்பைக் குறைக்க வழி இருந்தும் அவர்கள் அதை மறுத்திருக்கிறார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு இழப்பீட்டைக் கணக்கிடும்போது இதைக் கவனிக்கச் சொல்கிறது. ஆகவே எந்தச் செய்தியையும் அழித்துவிடாதீர்கள்.

இப்போது அவர்கள் செய்த காரியத்துக்கு வருகிறேன். உங்கள் வேலை பயனற்றது, எனவே முன்பணத்தைத் திருப்பித் தா என்று ஒரு வாயால் சொல்லிக்கொண்டே, அந்த வேலையையே ஊருக்கெல்லாம் வைத்திருக்கிறார்கள். அதே தாழம்பூ ஓரம், அதே கோபுரக் கோட்டோவியம். வலப்பக்கக் கோலத்தில் நீங்கள் கவனக்குறைவாக ஒரு புள்ளியை விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புள்ளி அவர்கள் அச்சடித்த பத்திரிகையிலும் இல்லை! நகலெடுத்ததற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி கலைப் படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவரே. பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உரிமையை மாற்றிக்கொடுப்பதென்றால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. அப்படி எதுவும் நீங்கள் எழுதித் தரவில்லை. ஒரு விலக்கை மட்டும் நினைவில் வையுங்கள்: பணம் கொடுத்து வரையச் சொன்ன உருவப்படமோ ஓவியமோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே சொந்தம் என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. எனவே அட்டையில் உள்ள மணமக்களின் உருவப்படத்துக்கு உரிமை கோராதீர்கள். கோபுரமும் கோலமும் ஒட்டுமொத்த அமைப்பும் உங்களுடையவை என்று வாதிடலாம்.

முன்பணமாகத் தந்த ₹15,000 வடிவமைப்புக் கட்டணத்துக்குச் சரியாகிவிட்டது, அதனால் அச்சடிக்க எங்களுக்கு அனுமதி உண்டு என்று அவர்கள் பதில் சொல்லக்கூடும். சொல்லட்டும். அப்படிச் சொன்னால், வடிவமைப்பை ஏற்றுக்கொண்டு விலையும் கொடுத்துவிட்டதாக ஆகும். முன்பணத்தைத் திருப்பிக் கேட்க வழியே இருக்காது. அனுமதி இல்லை என்றால் மீறலுக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கோரிக்கை நிற்காது. பதிப்புரிமை மீறல் 63-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம்தான். இருந்தாலும், திருமண வீட்டார் மீது காவல் நிலையத்தில் புகார் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். பணம் அதனால் கைக்கு வராது.

முதலில் ஒரு வழக்கறிஞர் மூலம் ₹27,000 கேட்டு அறிவிப்பு அனுப்புங்கள். பெரியவரின் பெயர் விஷயத்தில் உங்கள் வருத்தத்தையும் அதில் எழுதச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுக்கலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. பெண் என்பதால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் உங்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. அங்கே சமரசம் ஏற்பட்டு மக்கள் நீதிமன்றம் தீர்வாணை வழங்கினால், அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். சமரசம் பேசும்போது ₹21,000 வரை இறங்கி வரலாம் என்பது என் கருத்து. அச்சுக்கு நீங்கள் கொடுத்த ₹24,000, வடிவமைப்புக் கட்டணம் ₹12,000, இரண்டையும் கூட்டி முன்பணத்தைக் கழித்தால் வருவது அதுதான். அச்சில் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய ₹6,000 லாபத்தை மட்டும் விட்டுக்கொடுக்கிறீர்கள். உங்கள் பங்குக்கான பிழைக்கு அது நியாயமான விலை. சமரசம் ஆகாவிட்டால் மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையியல் வழக்குப் போடலாம்.

அவர்கள் உண்மையிலேயே நுகர்வோர் வழக்குப் போட்டால், அறிவிப்பு கைக்கு வந்த 30 நாள்களுக்குள் எழுத்துமூலம் பதில் தாக்கல் செய்தாக வேண்டும். கூடுதலாக 15 நாள்களுக்கு மேல் அவகாசம் கிடைக்காது. இந்தக் கெடுவை யாரும் தளர்த்த முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது. உறையை வாங்கி மேசையில் போட்டுவிட்டுத் தோற்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாட்ஸ்ஆப் உரையாடலைச் சாட்சியமாகக் கொடுக்க, இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அதுவரை அந்தக் கைப்பேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம். அச்சான 600-இல் பத்துப் பிரதிகளையும், அவர்கள் அச்சடித்த பத்திரிகை ஒன்றையும் ஓர் உறையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். கையெழுத்துத் தாளின் படத்தை இன்றே இரண்டு இடங்களில் சேமித்துவிடுங்கள்.