உபுண்டு சர்வரில் சாம்பா: ஃபோல்டர் தெரிகிறது, பாஸ்வேர்டை ஏற்க மறுக்கிறது. ஏன்?

உபுண்டு சர்வரில் சாம்பா (லினக்ஸ் ஃபோல்டர்களை விண்டோஸ் கணினிகளோடு நெட்வொர்க்கில் பகிரும் மென்பொருள்) நிறுவியாயிற்று, விண்டோஸில் ஃபோல்டரும் தெரிகிறது, ஆனால் சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்கிறீர்கள்.

நிறையப் பேர் இடறும் இடம்தான். சாம்பா தனக்கென்று தனிப் பாஸ்வேர்டுப் பட்டியல் வைத்திருக்கிறது. சர்வரில் நீங்கள் லாகின் செய்யும் பாஸ்வேர்டு அதற்குத் தெரியாது. ‘எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி’ கட்டளையை ‘-ஏ’ (சின்ன ஏ) சேர்த்து, பயனர் பெயரோடு சூடோவில் (அட்மின் உரிமையோடு) ஓட்டுங்கள். அந்தப் பெயரில் லினக்ஸ் கணக்கு ஏற்கெனவே இருக்க வேண்டும். பழைய பாஸ்வேர்டை விண்டோஸ் நினைவில் வைத்திருந்தால், கிரெடென்ஷியல் மேனேஜரில் அதை அழித்துவிடுங்கள்.

உள்ளே போனதும் அடுத்த தலைவலி வரும்: படிக்கலாம், எழுத முடியாது. சாம்பாவின் கான்ஃபிக் ஃபைலில் ‘ரீட் ஒன்லி = நோ’ என்று போட்டால் மட்டும் போதாது. ஃபோல்டர் ரூட் (சர்வரின் அட்மின் கணக்கு) பெயரில் கிடந்தால் லினக்ஸ் விடாது. வாசல் திறந்திருக்கிறது, அறைக்கதவு பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான். உடனே 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போடச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். ஒரு குரூப் உருவாக்கி, பயனர்களை அதில் சேர்த்து, ஃபோல்டரை அந்தக் குரூப்புக்கு மாற்றி 2770 அனுமதி (உரிமையாளருக்கும் குரூப்புக்கும் முழு உரிமை, மற்றவர்களுக்கு எதுவுமில்லை) கொடுங்கள். முன்னால் உள்ள அந்த 2 இருப்பதால் புது ஃபைல்களும் அதே குரூப்பில் விழும். கான்ஃபிக்கில் ‘கிரியேட் மாஸ்க் = 0660’, ‘டைரக்டரி மாஸ்க் = 2770’ என்றும் சேருங்கள்; இல்லாவிட்டால் ஒருவர் போட்ட எக்செல் ஃபைலை இன்னொருவர் திருத்த முடியாது.

‘டெஸ்ட்பார்ம்’ கட்டளையை ஓட்டி கான்ஃபிக்கில் பிழை பார்த்துவிட்டு, சாம்பாவின் எஸ்எம்பிடி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரவுட்டரில் சாம்பா பயன்படுத்தும் 445ஆம் போர்ட்டை மட்டும் வெளியே திறந்துவிடாதீர்கள்; 2017இல் வானாக்ரை (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட தீநிரல்) பரவியது அந்த வழியாகத்தான்.