ஸ்கேட்போர்டில் பழைய கிரேக்க, ரோமானிய மண்பாண்ட ஓவியம் வரைந்தால் பொருந்துமா?

பொருந்தும். ஆனால் ஏதோ ஒரு ஜாடியின் படத்தைப் பிரின்ட் எடுத்து அப்படியே பலகையில் ஒட்டினால் பொருந்தாது. நான் இதுவரை ஐந்து பழைய டெக்குகளில், அதாவது ஸ்கேட்போர்டின் மரப்பலகைகளில், வரைந்திருக்கிறேன். முதல் இரண்டும் சரியாக வரவில்லை. காரணம் புரிந்தது ஒரு கிண்ணத்தின் முன்னால் நின்றபோதுதான். வேலைக்காக மியூனிக்கில் இருக்கிறேன். இங்கே கோனிக்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தில் இருக்கும் தொல்கலை அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

எக்செகியாஸ் என்ற ஏதென்ஸ் கலைஞர் ஏறத்தாழ கி.மு. 530இல் செய்த மதுக் கிண்ணம். வாய் அகலம் சுமார் 30 செ.மீ. உள்ளே பவளச் சிவப்பில் கடல். அதில் ஒரு படகு, படகில் சாய்ந்து படுத்திருக்கும் மதுக் கடவுள் டயோனிசஸ். பாய்மரத்தில் கொடி படர்ந்து ஏழு திராட்சைக் குலைகள் தொங்குகின்றன, சுற்றிலும் ஏழு டால்பின்கள். கிண்ணம் நிறைய மது இருந்தால் இது எதுவும் தெரியாது, குடிக்கக் குடிக்கத்தான் மேலே வரும். வெளிப்பக்கத்தில் பெரிய கண்களை வரைந்திருக்கிறார். குடிப்பவர் கிண்ணத்தைத் தூக்கும்போது முகம் மறைந்துவிடும், எதிரில் இருப்பவருக்கு அந்தக் கண்கள்தான் முகம். கையில் வைத்திருப்பவர் பார்க்க முடியாத படம் அது.

ஸ்கேட்போர்டும் அப்படித்தானே? மேலே சொரசொரப்பான கிரிப் டேப், அதன்மேல் நம் கால். படம் அடியில். பலகை எகிறும்போதும் புரளும்போதும் மற்றவர்கள்தான் பார்க்கிறார்கள், அதுவும் அரை நொடி. அந்த அரை நொடியில் கண்ணில் படக்கூடியது இரண்டே நிறமும் தெளிவான உருவமும்தான். நிழல், ஆழம் எல்லாம் வீண். அதனால்தான் இரண்டு நிறத்தில் வரையும் இந்த மண்பாண்டப் பாணி பலகைக்கு இவ்வளவு நன்றாக ஒத்துப்போகிறது.

இன்னொன்றும் அந்தக் கிண்ணத்தில்தான் கற்றேன். கைப்பிடி வரும் இடத்தை அவர் வீணாக்கவில்லை. ஒவ்வொரு கைப்பிடியைச் சுற்றியும், விழுந்து கிடக்கும் ஒரு வீரனின் உடலுக்காக இரண்டு பக்கமும் போரிடுகிறார்கள். நம் பலகையில் கைப்பிடிக்குப் பதில் டிரக், அதாவது சக்கரங்களைத் தாங்கும் உலோகப் பகுதி. என் முதல் பலகையில் டிரக்கை மாட்டியதும் வீரனின் முகமே அடியில் போய்விட்டது. இப்போது முக்கியமான காட்சியை இரண்டு டிரக்குகளுக்கும் நடுவே இருக்கும் சுமார் 35 செ.மீ. இடத்துக்குள் முடித்துக்கொள்கிறேன். டிரக்கைச் சுற்றி இலைக்கொத்து, இரண்டு முனைகளிலும் கிரேக்க ஜாடிகளில் வரும் சதுரச் சுருள் கரை.

சரி, வேலைக்கு வருவோம். கிரேக்க ஜாடியில் நாம் பார்க்கும் கறுப்பு பெயின்ட் இல்லை. அதே இரும்புச்சத்துள்ள களிமண்ணை நீரில் கரைத்து, தெளியவைத்து எடுத்த மெல்லிய குழம்பு. பூசும்போது ஜாடிக்கும் அதற்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. நிறம் சூளையில்தான் பிறக்கிறது. முதலில் காற்று விட்டுச் சுடுவார்கள், எல்லாம் சிவக்கும். அப்புறம் காற்றை அடைத்துப் பச்சை விறகைப் போட்டு 900 டிகிரிக்கு மேல் கொண்டுபோவார்கள், எல்லாம் கறுக்கும். குழம்பு பூசிய இடம் மட்டும் கண்ணாடிபோல இறுகிவிடும். கடைசியில் மறுபடி காற்று விடும்போது, ஜாடியின் உடல் சிவப்புக்குத் திரும்பும். இறுகிய இடத்துக்குள் காற்று புக முடியாது, அது கறுப்பாகவே நின்றுவிடும். இத்தனையும் ஒரே சூட்டில்! இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மரப்பலகையைச் சூளையில் வைக்க முடியாது. ஆனால் எக்செகியாஸ் காலத்துக் கரும் உருவப் பாணியில் ஒரு பாதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பி, கண், தாடி, உடை மடிப்பு எல்லாவற்றையும் கூர்முனையால் கீறுவார்கள், அடியில் இருக்கும் மண் நிறம் கோடாகத் தெரியும். டெக் என்பது பொதுவாக ஏழு அடுக்கு மேப்பிள் மரம். பலகையில் ஏற்கெனவே இருக்கும் படப் பிலிமைத் தேய்த்து எடுத்துவிட்டு (மூக்கில் மாஸ்க் கட்டாயம்), வெறும் மரத்தில் செங்காவி நிறத்தை நீர்த்துத் துணியால் தடவுகிறேன். காய்ந்ததும் கறுப்பு அக்ரிலிக்கில் உருவம். அது முழுதாக இறுகுவதற்கு முன், சில மணி நேரத்துக்குள், காம்பஸ் முள்ளால் கீறுகிறேன். மறுநாள் கீறினால் பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. கடைசியில் ஒரு கோட் வார்னிஷ்.

கி.மு. 530 - 520 வாக்கில் ஏதென்ஸிலேயே இதைத் தலைகீழாக்கிச் செந்நிற உருவப் பாணி வந்தது. பின்னணி கறுப்பு, உருவம் மண் நிறம், கோடுகள் தூரிகையில். மிக அழகானது. ஆனால் தொடக்கத்தில் வேண்டாம் என்பேன், என் முதல் இரண்டு பலகைகளும் அதில்தான் கெட்டன. தூரிகைக் கோடு மரத்தின் ரேகையில் கசிந்துவிடும்.

என்ன வரையலாம்? வாத்திகனில் இருக்கும் எக்செகியாஸின் இன்னொரு ஜாடியில் ட்ராய் போரின் கிரேக்க வீரர்களான அக்கிலீஸும் ஏஜாக்ஸும் ஈட்டியைத் தோளில் சாய்த்தபடி குனிந்து காய் நகர்த்தி விளையாடுகிறார்கள். ஒருவர் வாயிலிருந்து ‘நான்கு’ என்ற சொல், மற்றவர் வாயிலிருந்து ‘மூன்று’. என் நான்காவது பலகையில் அதைத்தான் வரைந்தேன், சொற்களைத் தமிழ் எழுத்தில் போட்டேன். படத்துக்குள் எழுதுவது அவர்களுக்குச் சாதாரணம். மியூனிக் அருங்காட்சியகத்தில் யூதிமிடிஸ் என்ற ஓவியர் வரைந்த ஜாடி ஒன்றில், ‘யூஃப்ரோனியோஸ் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை’ என்று சக ஓவியரைச் சீண்டி எழுதியிருக்கிறது. இல்லையென்றால் ஸ்கேட்டிங்கையே வரையுங்கள். ஏதென்ஸின் பானதெனாயா போட்டிகளில் வென்றவர்களுக்கு ஆலிவ் எண்ணெய் நிரப்பிக் கொடுத்த ஜாடிகளில் ஒரு பக்கம் அத்தீனா தேவி, மறுபக்கம் ஓட்டம், மல்யுத்தம், தேர் என்று விளையாட்டுக் காட்சிதான். அந்த வரிசையில் பலகையில் பாயும் ஒரு பெண்ணும் இருக்கலாம்.

ரோமானியப் பாண்டம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது வேறு வழி. இத்தாலியின் அரெட்ஸோ ஊர்ப் பாண்டம் முழுக்கப் பளபளக்கும் சிவப்பு. அலங்காரம் உள்ளவற்றில் உருவங்களை அச்சில் அழுத்திப் புடைப்பாக எடுப்பார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது கிடைத்தவற்றில் இந்த ஓடுகளும் உண்டு. அந்த அழகு புடைப்பில் இருக்கிறது, தட்டையான டெக்கில் கொண்டுவர எனக்கு வழி தெரியவில்லை.

நண்பர்கள் எல்லோரும் கேட்பது, ஓட்டினால் படம் போய்விடாதா என்றுதான். போகும். கம்பியில் சறுக்கும்போது நடுப்பகுதிதான் முதலில் தேயும். ஆனால் கறுப்பு உரிந்தால் அடியில் தெரிவது செங்காவி மரம்தான், நான் முள்ளால் கீறியபோது வந்த அதே நிறம். என் நான்காவது பலகையை இந்தக் கோடை முழுக்க ஓட்டிவிட்டேன். ஏஜாக்ஸின் ஈட்டி பாதி போய்விட்டது, மார்புக் கவசத்தில் நான் போடாத ஐந்தாறு கோடுகள் சேர்ந்திருக்கின்றன. திரும்பத் தீட்டப் போவதில்லை.