அந்த எழுத்து ஹெஸ்டரைத் திருத்தியதா?

அன்புள்ள ஐயா,

நதானியேல் ஹாத்தோர்னின் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ படித்து முடித்தேன். கணவன் அல்லாத ஒருவருக்குக் குழந்தை பெற்றதற்காக ஊரார் முன் மேடையில் நிற்க வைத்த தண்டனை ஹெஸ்டரைப் பக்குவப்படுத்தியது, அந்தக் குழந்தையின் தகப்பன் தான்தான் என்ற பாவத்தை மறைத்த போதகர் டிம்ஸ்டேல் அழிந்தார் என்று எனக்குப் பட்டது. பொது அவமானத்தால் நன்மை உண்டு என்றுதானே நாவல் சொல்கிறது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

டிம்ஸ்டேலைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் திருமண உறவை மீறியவள் (‘அடல்டரி’) என்ற அடையாளமாக மார்பில் அணியவைத்த ‘ஏ’ எழுத்து ஹெஸ்டரைத் திருத்தியது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏழு வருஷம் அவள் சுமந்த பிறகும் அந்த எழுத்து தன் வேலையைச் செய்யவில்லை என்று கதைசொல்லியே நேராக எழுதுகிறார். காட்டில் டிம்ஸ்டேலைச் சந்திக்கும்போது, நாம் செய்ததிலும் ஒரு புனிதம் இருந்தது என்கிறாள். எழுத்தைக் கழற்றி எறிகிறாள். கப்பலேறிப் போய்விடலாம் என்கிறாள். திருந்தியவள் பேசுகிற பேச்சா இது?

அவளைத் தாங்கியது குழந்தை பெர்லும் கையிலிருந்த ஊசியும்தான். ஐந்தாவது அத்தியாயத்தை இன்னொரு முறை படியுங்கள். கவர்னரின் கழுத்துப்பட்டி, பச்சைக் குழந்தையின் தொப்பி, பிணத்தோடு புதைக்கிற துணி என்று பாஸ்டன் நகரம் முழுக்க அவளுடைய தையல். கல்யாணப் பெண்ணின் முகத்திரைக்கு மட்டும் அவளைக் கூப்பிடமாட்டார்கள். அந்த ஒரு வரியில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். ஊர் அவளுக்குச் செய்த கொடுமை, மேடையில் நின்ற அந்தச் சில மணி நேரத்தைவிட இதில்தான் எனக்கு அதிகம் தெரிந்தது.

அப்புறம், டிம்ஸ்டேல் வாயே திறக்கவில்லை என்றும் நினைக்காதீர்கள். ‘நான் பாவிகளிலேயே கேடுகெட்டவன்’ என்று பிரசங்க பீடத்திலிருந்து பலமுறை சொல்கிறார். என்ன பாவம், யாரோடு என்று சொல்வதில்லை. சபை அவரை இன்னும் பெரிய மகானாக்குகிறது. அப்படித்தான் ஆகும் என்று அவருக்கும் தெரியும்!

இதற்கு நேர்மாறான ஒருவர் சரித்திரத்தில் இருக்கிறார். 1692இல் அமெரிக்காவின் சேலம் ஊரில், சூனியம் செய்தார்கள் என்று நடத்திய வழக்குகளில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சூவல், 1697இல் பாஸ்டன் தேவாலயத்தில் எழுந்து நிற்க, அந்த வழக்குகளில் தன் பங்கை ஒப்புக்கொண்டு அவர் எழுதிக் கொடுத்ததைப் போதகர் சபைக்கு வாசித்தார். நிற்கச் சொல்லி யாரும் தீர்ப்பளிக்கவில்லை. அதே நீதிமன்றத்தில் இருந்த ஜான் ஹாத்தோர்ன் அப்படி எதுவும் செய்யவில்லை. அவர் நம் நாவலாசிரியரின் எள்ளுத்தாத்தா.

1850இல் வந்த இந்த நாவலின் முன்னுரையில், இப்படிப்பட்ட தன் முன்னோர்களுக்காக நான் அவமானத்தை ஏற்கிறேன் என்று ஹாத்தோர்ன் எழுதுகிறார். ஹெஸ்டரும் கடைசியில் பல வருஷம் கழித்து ஊர் திரும்பி, யாரும் சொல்லாமல் தானே அந்த எழுத்தை மறுபடி அணிகிறாள். முன்னுரை நீளம் என்று பலர் தாண்டிவிடுவார்கள். நீங்களும் தாண்டியிருந்தால் அதைப் படித்துவிட்டு, ஹெஸ்டர் திரும்பி வரும் பக்கத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள்.

அன்புடன்