பள்ளிகளில் சாய்தளம் கட்டியும் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளால் ஏன் தனியாக ஏற முடிவதில்லை?

அப்படிப்பட்ட சாய்தளங்களில் சிலவற்றைக் கட்டியவன் நான். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் தாண்டிப் போக முடியவில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் சின்னச் சின்னக் கட்டட வேலைகளை எடுத்துச் செய்கிறேன். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர், கழிப்பறை, பெயர்ந்த தரை, இந்த மாதிரி. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னால் இரண்டே மாதத்தில் ஏழு பள்ளிகளில் சாய்தளம் போட்டேன். பள்ளிகள்தானே வாக்குச்சாவடிகள்? சாவடி என்றால் சாய்தளம் இருந்தாக வேண்டும். நாள் நெருங்க நெருங்க "முடிஞ்சுதா, போட்டோ அனுப்புங்க" என்று போன் மேல் போன். இரண்டு பக்கமும் செங்கல் கட்டி, நடுவில் ரப்பிஷ் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டுப் போட்டோவையும் அனுப்பிவிட்டேன். ஓட்டுப் போட வருகிறவர் எப்போதாவது ஒரு நாள் வருவார், தள்ளிவிட நாலு பேர் நிற்பார்கள். படிக்கிற பிள்ளை வருடத்துக்கு இருநூறு நாளாவது வந்தாக வேண்டும். அது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் பள்ளி வளாகத்தில் தண்ணீர் நிற்கும். அதற்குப் பயந்து பேஸ்மட்டத்தை 3 அடி தூக்கிவிடுவார்கள். படி வைத்தால் ஆறு படி. சாய்தளத்துக்குக் கணக்கு 1:12. கொத்தனார் பாஷையில் சொன்னால், ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம். அப்படியென்றால் 3 அடிக்கு 36 அடி நீளம் வேண்டும். நான் போட்டது 12 அடி. எஸ்டிமேட்டில் அவ்வளவுதான் இருந்தது, மேலே ஓர் அடி இழுத்தாலும் என் கைக்காசு. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், கலவை தள்ளுகிற ஒற்றைச் சக்கர வண்டிக்குப் பலகை போடும்போது நாங்கள் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டோம். பலகை செங்குத்தாக இருந்தால் ஆள் வேலைக்கு வர மாட்டான். அதனால் நீளமாகத்தான் போடுவோம்.

அடுத்த வருடம் அதே பள்ளிகளில் ஒன்றுக்குக் கதவு மாட்டப் போயிருந்தேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, இரண்டு காலும் வராது. அவள் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாற்காலியைத் திருப்பிப் பிடித்துப் பின்பக்கமாகவே நடந்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார். ஓடிப் போய்க் கை கொடுத்தேன். மேலே ஏறி மூச்சு வாங்கிக்கொண்டே, "யாருண்ணே இதைக் கட்டுனது?" என்றார். நான்தான் என்றேன். கோபப்படவில்லை. "அப்ப நீங்களே ஒரு தடவை தள்ளிப் பாருங்கண்ணே" என்றார்.

பிள்ளையை வைத்துத் தள்ளப் பயம். வேலைக்கு வந்திருந்த சிமெண்ட் மூட்டை ஒன்றைத் தூக்கி நாற்காலியில் வைத்தேன். 50 கிலோ, பிள்ளையைவிடக் கனம்தான். பாதி தூரம்கூடப் போகவில்லை, கை நடுங்குகிறது. நின்றால் வண்டி என் மேலேயே வருகிறது. பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, அதற்கு எஸ்டிமேட்டில் பணமில்லை. இறக்கும்போது சக்கரம் ஓரத்தில் வழுக்கி மூட்டை கீழே விழுந்து கிழிந்தது. ஓரத்தில் 4 அங்குலத்துக்கு ஒரு கட்டை எழுப்பியிருந்தால் சக்கரம் வெளியே போயிருக்காது. அந்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான்.

அப்புறம் அவரே மற்றதையும் காட்டினார். கேட்டிலிருந்து சாய்தளம் வரை வெறும் மணல். நாற்காலியின் முன்சக்கரம் சின்னது, மணலில் புதைந்துவிடும். வகுப்பறையில் இரட்டைக் கதவு, ஒன்று எப்போதும் தாழ்ப்பாள் போட்டே கிடக்கும், மிச்சமிருப்பது இரண்டடி வழி. கீழே 2 அங்குலத்துக்கு நிலைப்படி. கழிப்பறையில் "மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும்" என்று பெயிண்டில் எழுதி, சக்கர நாற்காலிப் படமெல்லாம் வரைந்திருந்தது. உள்ளே விளக்குமாறும் பினாயில் கேனும். பூட்டின் சாவி ஆபீஸில். கதவு உள்பக்கமாகத் திறக்கும். நாற்காலியோடு உள்ளே போனால் கதவைச் சாத்த முடியாது.

அந்தப் பெண் காலையில் கிளம்பும்போது அரை டம்ளர் தண்ணீர் குடிப்பாளாம். பிறகு சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான். சத்துணவுச் சாப்பாட்டைக்கூடப் பாதியில் வைத்துவிடுவாளாம், விக்கினால் தண்ணீர் குடிக்க வேண்டிவருமே என்று.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பள்ளியிலிருந்து வருடாவருடம் போகிற புள்ளிவிவரப் படிவத்தில் சாய்தளம் உண்டா, கைப்பிடி உண்டா, இந்தப் பிள்ளைகளுக்கான கழிப்பறை உண்டா என்று கேள்விகள் இருக்கின்றன. பன்னிரண்டடி வழுக்குப் பாறைக்கும் "உண்டு" என்றுதான் பதில் எழுத வேண்டும். என்ன சரிவு, கேட்டிலிருந்து பெஞ்சு வரைக்கும் பிள்ளை தானே போக முடிகிறதா என்பதற்கு அதில் இடமில்லை. எண்ணிக்கைக்குக் கட்டினோம், எண்ணிக்கை சரியாக இருக்கிறது.

சட்டத்தில் குறை சொல்ல முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே குடிநீர், கழிப்பறையோடு சேர்த்துத் தடையில்லாத வழியும் வருகிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டடங்களையும் சரிசெய்ய ஐந்து வருடக் கெடு வைத்தது. அது 2022இலேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரத்தூரி வழக்கில், இந்த அளவுகளையெல்லாம் வெறும் பரிந்துரையாக வைத்திருப்பது சட்டத்துக்கே முரண், கட்டாய விதியாக்குங்கள் என்று சொன்னது. 1:12 தெரியாதா என்று என்னைக் கேட்டால், தெரியும். கேட்க ஆளில்லாததால் செய்யவில்லை.

அந்தப் பள்ளியில் அடுத்த கோடையில் பழையதை உடைத்துவிட்டோம். 36 அடியை எங்கே வைப்பது என்று முதலில் முழித்தோம், முன்னால் வேப்பமரம். தலைமை ஆசிரியர், "கேட்டுலேர்ந்தே மெல்ல ஏத்திக்கிட்டு வந்தா என்ன சார்?" என்றார். பொறியாளர் யாரும் சொல்லாத யோசனை. மரத்தைச் சுற்றிக்கொண்டு 60 அடிக்கு வல்லம் பக்கத்துக் கிராவலைக் கொட்டி இறுக்கி, 5 அடி அகலத்தில் கான்கிரீட் பாதை. சரிவு 1:20 ஆகிவிட்டது, பார்த்தால் சாய்தளம் என்றே தெரியாது. மற்ற பிள்ளைகளும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அதில்தான் வருகிறார்கள். மழைத் தண்ணீர் பாதைக்கு அந்தப் பக்கம் தேங்கிவிடக் கூடாதே என்று அடியில் குறுக்கே இரண்டு குழாய் புதைத்தோம். பணம் பழைய மாணவர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவும் திரட்டியது, கூலி என்னுடையது. தர்மம் என்று நினைத்துவிடாதீர்கள், கடன்.

கழிப்பறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினேன். உங்கள் பள்ளியில் யாராவது செய்வதாக இருந்தால் கைப்பிடிக் கம்பியைக் கவனியுங்கள். நாலரை அங்குலச் சுவரில் பிளாஸ்டிக் பிளக் வைத்து முடுக்கினால், பிள்ளை எடை போட்டு எழும்போது கையோடு வந்துவிடும். சுவரைக் கொத்திக் கான்கிரீட் வைத்துப் புதைக்க வேண்டும். பூட்டை எடுத்துவிட்டார்கள், விளக்குமாறு இன்னும் அவ்வப்போது திரும்பி வருகிறது.

அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அந்த வகுப்பு மாடியில் இருந்தது, ஏழாம் வகுப்பை மேலே அனுப்பிவிட்டு ஒன்பதைக் கீழே கொண்டுவந்துவிட்டார் தலைமை ஆசிரியர். பைசா செலவில்லை. கம்ப்யூட்டர் லேப்தான் இன்னும் மாடியில். இரண்டு கம்ப்யூட்டரைக் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள், இன்டர்நெட் வயர் இன்னும் இறங்கவில்லை. போன வாரம் பார்த்தபோது, "எப்ப மாமா இழுப்பீங்க?" என்று கேட்டாள். எலக்ட்ரீஷியனைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.